வெட்டு போட்ட மரம்

மெட்ராஸிலிருந்து வந்த நான்கு பையன்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து கஞ்சா அடிப்பதுபோல் நடித்தார்கள். ஜிப்பா போட்ட டைரக்டர் அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். பீடிக்குள் இருப்பது காய்ந்த பப்பாளி இலைதான் என்று அவன் சொன்னதைக் கோபால்சாமி நம்பவில்லை. அவருடைய நிலத்தில் கஞ்சா புகைந்தது என்று தெரிந்தால், விளைவித்தவனும் அவர்தான் என்று போலீஸ் உள்ளே தள்ளிவிடும்.

“இன்னா படம் இது?”

“வேலையில்லாம கெட்டுப்போற பட்டணத்துப் பசங்க கதைங்க.”

“எந்தக் கொட்டாய்ல ஓடும்?”

“எங்கயும் ஓடாதுங்க. சென்சார்ல தடை பண்ணிடுவாங்க. போன படத்தையே போலீஸ் தூக்கிட்டுப் போச்சு.”

“அப்போ போலீஸு பாக்கறதுக்கா எடுக்கற?”

பையன்கள் சிரித்தார்கள். கோபால்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. மரத்தில் அவர் குடும்பத்து அடையாளமான வெட்டு இருந்தது. மூன்று கோடு, குறுக்கே ஒன்று. புளியைக் குத்தகைக்கு எடுக்கும் செங்கம் வியாபாரிகள் எல்லோருக்கும் அது தெரியும். போலீஸ் அவர்களில் ஒருவரைக் கேட்டால் போதும்.

விடுவிடுவென்று போய் அந்த வெட்டை முதுகால் மறைத்து நின்றுகொண்டார்.

“வேற மரத்தப் பாருங்கடா. இது படத்துல தெரியக் கூடாது.”

“தெரியலீங்க. அப்படியே நில்லுங்க,” என்றான் டைரக்டர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு கோடுகூட வெளியே தெரியாதபடி முதுகை இன்னும் அழுத்திக்கொண்டு, கோபால்சாமி ஓடுகிற கேமராவை நேருக்கு நேராக முறைத்துக்கொண்டு நின்றார்.