பாதி சாட்சி

சாம்சனின் கை நடுக்கம் நின்றுபோனது சபைக்கே தெரியும். எப்படி நின்றது என்பது அவருக்கும் மனைவி ஹெலனுக்கும் மட்டும்தான் தெரியும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பைப் கம்பெனியில் மெஷின் ஓட்டியவர். பார்க்கின்சன் வந்து, அள்ளும் சோற்றில் பாதி சட்டையில் கொட்டத் தொடங்கியதும், டாக்டர் மூளைக்குள் கம்பி வைக்கும் ஆபரேஷனைச் சொன்னார். சாம்சனோ சபையில் மூப்பர், நோயாளிகள் தலையில் கைவைத்து ஜெபிக்கிறவர். "எனக்குக் கத்தி வேணாம், கர்த்தர் போதும்" என்று மைக்கில் முழங்கிவிட்டார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் முழங்கினார். "டாக்டரக் குடுத்ததும் கர்த்தர்தானே பிரதர்" என்று பாஸ்டர்கூடச் சொல்லிப் பார்த்தார். வீறாப்பு யார் சொல்லிக் கேட்கும்?

ஒருநாள் கழிவறையில் விழுந்தார். ஹெலன் வந்து தூக்கும்வரை ஈரத்திலேயே கிடந்தார். அதன் பிறகு வீறாப்பு இறங்கியது, ஆனால் வெளியே சொல்ல வாய் வரவில்லை. வேலூரில் மச்சான் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இருவரும் சென்னைக்குப் போய் ஆபரேஷனை முடித்துக்கொண்டு வந்தார்கள். கிறிஸ்தவன் மொட்டைத் தலையோடு திரும்பினால் தெரு சும்மா இருக்குமா? வெயில் கட்டி என்றாள் ஹெலன். முடி வளரும்வரை தொப்பி. மார்பில் தோலுக்கடியில் புடைத்திருந்த பேட்டரியைச் சட்டை மறைத்தது. பேச்சுதான் கொஞ்சம் குழறியது.

முதல் ஞாயிறே சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தார், அதில் பொய்யில்லை. கையை நீட்டி, "என் கை நின்னுடுச்சி" என்றார். கூடம் முழுக்க அல்லேலூயா, கைத்தட்டல், சிலர் அழுதேவிட்டார்கள். சத்தம் அடங்கியதும் மீதியைச் சொல்லலாம் என்று காத்து நின்றார். அடங்கியபோது மனம் வரவில்லை. அந்தக் கைத்தட்டல் அவருக்குப் பிடித்திருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"மீதிய எப்போ சொல்லப் போறீங்க?" என்று வீட்டில் ஹெலன் கேட்டாள்.

"அடுத்த வாரம்."

அடுத்த வாரங்கள் வந்து போய்க்கொண்டே இருந்தன.

ஒரு மாலை செண்பகம் வந்து வாசலில் நின்றாள். அவள் அம்மா கெங்கம்மாள் அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்கியவள். அவளுக்கும் இதே நோய்.

"அண்ணா, ஒரு தபா ஊட்டுக்கு வந்து அம்மா தலமேல கைய வெச்சி ஜெபிச்சிட்டுப் போறீங்களா? கட்ட மாரி கெடக்குது."

"மாத்திர குடுத்துக்கினுதான இருக்கற?"

"அத்த நிறுத்திடுச்சிண்ணா. ஒங்க சாட்சியக் கேட்டதுலேந்து தொடல. சாம்சனுக்கு செஞ்சவரு எனக்கு செய்யமாட்டாரான்னு அல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுச்சி."

சாம்சனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஹெலன் உள்ளே போய், பேட்டரியின் ரிமோட்டை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மூவருமாகப் போனார்கள்.

கெங்கம்மாள் கட்டிலில் விறைத்துக் கிடந்தாள். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. முகம் அசையவில்லை, கண் மட்டும் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"வந்துட்டியா தம்பி. கைய வை."

அவர் கையை வைக்கவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி மார்பைக் காட்டினார்.

"யக்கா, எனக்கு மண்டையில ஆபரேஷன் பண்ணிருக்காங்க. கம்பி உள்ள இருக்குது. இது பேட்டரி. இத்த நிறுத்தினா இன்னா ஆவுதுன்னு பாரு."

ரிமோட்டை அழுத்தினார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு கட்டைவிரல் ஆடியது, கை ஆடியது, தாடை ஆடியது. ரிமோட் தரையில் விழுந்தது. செண்பகம் சுவரோரம் ஒதுங்கினாள்.

கெங்கம்மாளின் கண் கலங்கியது. "அடப்பாவமே, ஒனக்கும் திரும்ப வந்துடுச்சா? பயந்துக்காத தம்பி, நான் ஒனக்காக ஜெபிக்கிறேன்." அவர் தலையில் வைப்பதற்காகத் தன் கையைத் தூக்கப் பார்த்தாள். அது கட்டில் விளிம்பைத் தாண்டவில்லை.

சாம்சன் கட்டில் சட்டத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். "திரும்ப வர்ல யக்கா. போவவே இல்ல. நான்தான் அல்லாரையும் ஏமாத்திக்கினு இருந்தேன்."

ஹெலன் ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கை அடங்கியது. செண்பகம் ஓடிப்போய் ஆட்டோ கூட்டி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக எல்லோருமாகக் கெங்கம்மாளைத் தூக்கி உள்ளே சாய்த்தார்கள்.

ஆட்டோ கிளம்பும்போது அவள் சாம்சனைக் கண்ணால் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்துக் குனிந்தார்.

"நான் மட்டும் இல்ல தம்பி," என்றாள், ஒவ்வொரு சொல்லாக. "நம்ம சபைக்கு வர்ற சுப்பிரமணி பொண்டாட்டியும் சுகர் மாத்திரய நிறுத்திக்கினா. நீ சொன்னதக் கேட்டுதான்."

ஹெலனும் செண்பகமும் அவளோடு போனார்கள். சாம்சன் தெருவில் நின்றார். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவர்கள், "பிரைஸ் த லார்டு பிரதர்" என்று கை தூக்கிப் போனார்கள். அவர் பதிலுக்குக் கை தூக்கவில்லை. சட்டைப் பொத்தானையும் போடாமல், சுப்பிரமணியின் வீட்டைப் பார்த்து நடந்தார்.