ஒரே தொட்டியில் இரண்டு ஒயின்

1934 பிப்ரவரியில், பிரான்சின் கசோபோன் திராட்சைப் பண்ணையில், மெர்லோ, கேபர்னே என்ற இருவகைத் திராட்சைகளின் ஒயின்கள் ஒன்றோடொன்று கலக்க மறுத்தன. வியாழக்கிழமை இரண்டையும் ஒரே தொட்டியில் ஊற்றினார்கள். வெள்ளிக்கிழமை கண்ணாடிக் குழாயை விட்டு எடுத்துப் பார்த்தபோது, மெர்லோ மேலேயும் கேபர்னே கீழேயும், எண்ணெயும் தண்ணீரும் போல நின்றன.

மெர்லோ விளையும் களிமண் நிலம் நோயேலி திருமணத்தில் கொண்டுவந்தது. கேபர்னே விளையும் சரளைமேடு அவள் கணவன் ஆபெலுடைய குடும்பத்தின் சொத்து. போரில் விஷவாயு பட்டு ஆபெலுக்கு வாசனையும் அதோடு ருசியும் தெரியாமல் போய்விட்டன. அதனால் பதினைந்து குளிர்காலங்களாக, கலவை முடிவு செய்யும் நாளில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ருசி பார்ப்பாள். கேபர்னே போதாது என்றால் மேசைக்கடியில் அவன் விரலை ஒருமுறை அழுத்துவாள். மெர்லோ போதாது என்றால் இரண்டு முறை. அவன் நிதானமாக அளவைச் சொல்வான். வியாபாரிகள் அவனுடைய நாக்கைப் புகழ்வார்கள். மேசைக்கடியில் அந்த விரல்கள் இருந்தவரை அவளுக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

அந்த வருடம் அவன் போர்தோ நகரத்திலிருந்து ஓர் ஒயின் நிபுணரை வரவழைத்தான். முந்தைய வருடத்து ஒயினைத் தெளியவைக்கப் பீப்பாய்க்கு ஆறு முட்டை வீதம் வெள்ளைக்கரு எடுத்துக்கொண்டிருந்த வாரம் அது. வழக்கம்போல உட்கார வந்தவளிடம், எல்லார் முன்னாலும், "உனக்கு இங்க என்ன வேலை? மஞ்சக்கரு வீணாப்போகுது, போய் கேக் சுடு" என்றான். நிபுணர் சிரித்தார். அவள் போய் இருநூறு கேக் சுட்டாள். ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

பிரிந்து நின்ற ஒயினைக் கழிகளால் கலக்கினார்கள், தொட்டி மாற்றினார்கள்; பலனில்லை. பீப்பாய்க் கொட்டகையின் தலைவர் ஃபிர்மின் கடைசியில் சமையலறை வாசலுக்கு வந்தார்.

"நீங்க ஒரு வாய் பாருங்கம்மா. அந்த நிபுணர் ராத்திரியே ரயிலேறிட்டார்."

"என்ன அளவு போட்டீங்க?"

"கேபர்னே அறுபது, மெர்லோ நாப்பது."

அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள். கோளாறு அளவில் இல்லை என்று அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உன் நிலத்து ஒயின்தானே, நீயே அதுகிட்ட சொல்லிப் பாரு" என்றான் ஆபெல் சாப்பாட்டின்போது.

"சொன்னா கேக்கறதுக்கு அதுக்கு மட்டும் என்ன தலையெழுத்து? நீங்க கேட்டீங்களா?"

வேறு வழியின்றி அப்படியே பாட்டிலில் அடைத்தார்கள். எவ்வளவு குலுக்கினாலும் ஐந்து நிமிடத்தில் பிரிந்துவிடும் அந்த ஒயினுக்குப் பாரிஸ் உணவகங்கள் அடித்துக்கொண்டன. பத்திரிகைகள் ஆபெலை மேதை என்றன. பாட்டிலின் மேல் அவன் பெயர் பெரிதானது. தான் மனதார மன்னித்துவிட்டால் ஒயின் கலந்து சாதாரணமாகிவிடும், அவன் புகழும் அத்தோடு ஒழியும் என்று நோயேலி கணக்குப் போட்டாள். பழிவாங்குவதற்காகவே அவனை நேசிக்க முயன்றாள். தொட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, போரிலிருந்து திரும்பிய புதிதில் அவன் தூக்கத்தில் அழுததை, அவள் மடியைப் பற்றிக்கொண்டதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாள். நெஞ்சு சற்று இளகும். ஆனால் ஆபெலும் விஷயத்தைப் புரிந்துவைத்திருந்தான். ஒவ்வொரு பிப்ரவரியிலும், கலவைக்கு முந்தின நாள், மறக்காமல் அவளை ஏதாவது சொல்லிப் புண்படுத்தினான்.

1951இல் அவன் இறந்தான். அடுத்த பிப்ரவரியில் அவளை யாரும் எதுவும் சொல்லவில்லை. அளவை அவளே சொன்னாள், உரக்க. மறுநாள் ஃபிர்மின் கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டினார்.

"அப்படியேதாம்மா நிக்குது."

"நிக்கட்டும்."

அவள் தச்சரை வரவழைத்து, மெர்லோவைத் தனியாகப் பிடித்துக்கொள்ள, அது நிற்கும் உயரத்தில் தொட்டிக்கு இன்னொரு திறப்புக்குழாய் வைக்கச் சொன்னாள்.