வெள்ளிக்கிழமை எடை

தராசில்தான் கோளாறு என்று நினைத்தான் சசிதரன்.

எடை ஷெட்டின் உத்தரத்தில் தொங்கும் மின்னணுத் தராசு அது. தேயிலைக் கொழுந்துச் சாக்கை மாட்டுகிற கொக்கியில் ஒரு வேட்டியைத் தூளியாகக் கட்டி, அதற்குள் அவனுடைய ஒன்பது மாத மகன் கதிரைப் படுக்க வைத்திருந்தான். குல்லா, ஸ்வெட்டர், காலுறை, எல்லாவற்றுக்கும் மேல் வெலிங்டன் சந்தையில் வாங்கிய தடித்த கம்பளி. எஸ்டேட் பெண்களின் கொழுந்தை எடை போடுவதுதான் சசிதரனுக்கு வேலை. வெள்ளிக்கிழமைகளில் அது முடிந்ததும் மகனுக்கும் எடை போடுவான். சிவப்பு எண்கள் துள்ளி, தடுமாறி, நின்றன. துணிமணிக்கு ஒரு கிலோ கழித்தது போக நாலு கிலோ தொள்ளாயிரம்.

போன வாரம் ஐந்து நானூறு. ஒரே வாரத்தில் அரைக் கிலோ எங்கே போகும்?

குழந்தையை எடுத்து மனைவி கீர்த்தனாவிடம் கொடுத்துவிட்டு, மூலையில் கிடந்த பத்துக் கிலோ படிக்கல்லைக் கொக்கியில் மாட்டினான். எண் சரியாகப் பத்தில் வந்து நின்றது. தராசு பொய் சொல்லவில்லை.

"எவ்வளவுங்க கூடியிருக்கு?" என்றாள் கீர்த்தனா. கையில் போனைத் தயாராக வைத்திருந்தாள். எடை தெரிந்ததும் ஹோமியோபதி டாக்டருக்குச் சொல்ல வேண்டும். ஐப்பசி பிறந்ததிலிருந்து வாராவாரம் கூடியிருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறாள். கேட்கிற குரலிலேயே அந்தச் சந்தோஷம் இருந்தது.

அவன் பதில் சொல்வதற்குள், வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த, கொழுந்து பறிக்கிற மருதாயி சிரித்தாள். பல வாரத்து மூடுபனிக்குப் பிறகு அன்றுதான் மலையில் வெயில் அடித்திருந்தது. மருதாயிக்கு சசிதரன் மேல் பழைய கோபம். மழை நாளில் கொழுந்து ஈரமாக வந்தால் சாக்குக்கு இரண்டு கிலோ தண்ணிக்கழிவு என்று அவன் வெட்டிவிடுவான்.

"என்னா கணக்கப்புள்ள, முழிக்கிற? எங்க கொழுந்துக்கு மட்டும் தண்ணிக்கழிவு வெட்டுவ. ஒம் மவன் கம்பளிக்கு வெட்ட மாட்டியாக்கும்?"

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். சசிதரனும் சிரிக்கப் பார்த்தான். வாய் பாதியில் நின்றுவிட்டது.

முதல் வாரம் துணிமணியைத் தனியே எடை போட்டு, ஒரு கிலோ கழிவு என்று வைத்துக்கொண்டவன் அவன்தான். அன்றைக்கு எல்லாம் காய்ந்திருந்தன. அப்புறம் மூடுபனி இறங்கியது. தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ஷெட்டு வரைக்கும் கீர்த்தனா பனிக்குள் பிள்ளையைச் சுமந்து வந்தாள். கம்பளி குடித்த தண்ணீர் கைக்குத் தெரியாது, தொட்டால் சில்லென்று இருக்கும், இந்த மலையில் எதைத் தொட்டாலும் சில்லென்றுதான் இருக்கும். வாராவாரம் மூடுபனி கனத்தது. கம்பளியும் கனத்தது. இன்றைய வெயிலில் காய்ந்ததும் அந்தக் கனம் போய்விட்டது. நூறு கிராம் கூடிவிட்டது, இன்னொரு நூறு கூடிவிட்டது என்று அவன் சொன்னதெல்லாம் பிள்ளையின் எடை இல்லை, மலையின் தண்ணீர். ஊரார் கொழுந்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட விடாமல் வெட்டியவனுக்கு, சொந்த வீட்டுப் பிள்ளையில் வெட்ட மனம் வந்திருக்கவில்லை.

மனைவியின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி வெயிலில் வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். குளிர் காலம் தொடங்கியதிலிருந்து மடிக்குள் வைத்து வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டதோடு சரி, முழு வெளிச்சத்தில் யாரும் அவனைப் பார்த்திருக்கவில்லை. ஸ்வெட்டர் போனதும் மருதாயி சிரிப்பை நிறுத்தினாள். விலா எலும்புகள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, ஒவ்வொரு மூச்சுக்கும் தோல் உள்ளே குழிந்து மீண்டது. குழந்தை அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அழுவதற்குத் தெம்பில்லாமல் வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்தது.

மழைக்கு முன்னால் ஹோமியோபதி டாக்டரின் மேசைத் தராசில் கதிர் ஐந்து கிலோ இருந்தான்.

டாக்டர் வெள்ளியங்கிரி கோயம்புத்தூர்க்காரர், குன்னூர் பஜாரில் மாடியில் இருந்தார். அவர்களை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது பயம்தான். முதல் பிள்ளை, பெண், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே ஊசிக்குழாய்களோடு போய்விட்டாள். கதிர் வளரவில்லை என்று தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெஞ்சைப் படம் பிடித்துப் பாருங்கள் என்றாள். அந்த மாதிரி வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று கீர்த்தனா சத்தியம் வைத்திருந்தாள். வெள்ளியங்கிரியிடம் ஊசி இல்லை. அவர் கேள்வி கேட்டார். பிள்ளை பயந்த சுபாவமா, பிடிவாதமா, தூங்கும்போது தலை வேர்க்குதா, தலையணை நனையுதா. பிள்ளையைப் பற்றி அத்தனை கேள்வி யாரும் கேட்டதில்லை. தலை வேர்க்கிறது என்று கீர்த்தனா சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. வளர்ச்சி மந்தமான பிள்ளைக்குச் சொன்ன லட்சணம் இது என்று சின்னச் சர்க்கரை உருண்டைகள் கொடுத்தார். கதிர் நாக்கை நீட்டி வாங்கிக்கொள்வான். எடையும் கூடிற்று. அதற்கு மேல் யார் என்ன கேட்பார்கள்?

"கெளம்பு," என்றான் சசிதரன்.

மருதாயிதான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் குழந்தையைப் போர்த்தினாள். "ஏம் வாய நான் தச்சு வச்சிருக்கணும்," என்று முணுமுணுத்தாள்.

குன்னூருக்குப் போக, பக்கத்து லைன் ரமேஷின் ஜீப் கிடைத்தது. வழியில் சசிதரன் கீர்த்தனாவிடம் எதையும் சொல்லவில்லை. டாக்டர் சொல்லட்டும் என்று நினைத்தான். கோழைத்தனம் என்று தெரிந்தேதான் நினைத்தான்.

வெள்ளியங்கிரி பிள்ளையைத் தராசில் போட்டுப் பார்த்தார். மறுபடி போட்டார். பிறகு, "அம்மிணி, எம்பட முன்னால கொஞ்சம் பால் குடுங்க," என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கீர்த்தனா புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு பிள்ளையை அணைத்தாள். கதிர் இரண்டு இழுப்பு இழுத்தான், விட்டான், மூச்சு வாங்கினான். மறுபடி இழுத்தான். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. அந்தக் குளிரில்.

டாக்டர் எழுந்து வந்து, அந்த வியர்வையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தூங்கறப்போ வேர்க்குதான்னு கேட்டனுங்க," என்றார் மெதுவாக. "குடிக்கறப்போன்னு கேக்காம உட்டுட்டேன். பாலு குடிக்கறதே இவனுக்கு மலையேறற மாதிரி இருக்குதுங்க. இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. நெஞ்சுக்குள்ள ஏதோ இருக்குது. நேரா ஊட்டிக்குப் போயிருங்க, நான் போன் பண்ணிச் சொல்லிப் போடறேன்."

"இல்லீங்க சார்," என்றாள் கீர்த்தனா. "எடை கூடிட்டு வருதுல்ல. வாராவாரம் கூடுது. இவருதான் பாக்குறாரு. கேளுங்க."

டாக்டர் சசிதரனைப் பார்த்தார். கீர்த்தனாவும் பார்த்தாள்.

"கூடல," என்றான். "கம்பளி ஈரம் அது. நான் கழிக்கல."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அடிப்பாள் என்றுகூட. சத்தியம் செய்த மனுஷி, மேசை மேல் கிடந்த குல்லாவை எடுத்துப் பிள்ளையின் தலையில் மாட்டி, மாடிப்படியில் அவனுக்கு முன்னால் இறங்கினாள்.

ஊட்டி ரோட்டில் அருவங்காட்டுப் பக்கம் டூரிஸ்ட் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ரமேஷ் ஜீப்பை ஒடித்துத் தேயிலைத் தோட்டங்களுக்குள் போகிற குறுக்கு ரோட்டில் விட்டான். வெயில் அதற்குள் ஓடிவிட்டிருந்தது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து கண்ணாடியை அப்பியது. பின் சீட்டில் கீர்த்தனா பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்திருந்தாள். சசிதரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்தான். அது எழும்பி இறங்குகிறவரைக்கும் சரி.

ஒரு வளைவில் ரமேஷ் பிரேக்கை மிதித்து இன்ஜினை அணைத்தான்.

ரோட்டின் குறுக்கே காட்டெருமை நின்றது. மூக்கிலிருந்து புகை புகையாக மூச்சு.

"ஹாரன் அடிண்ணே," என்றான் சசிதரன்.

"குட்டியோட நிக்குது. அடிச்சா ஜீப்ப கவுத்துரும். அதுவா போனாத்தான்." ரமேஷ் குரலைத் தாழ்த்தினான்.

அப்புறம்தான் சசிதரனுக்குத் தெரிந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே, பனிக்குள் பாதி மறைந்து, செம்பழுப்புக் கன்று ஒன்று. இன்ஜின் நின்ற அமைதியில் பின் சீட்டிலிருந்து கதிரின் மூச்சு கேட்டது, குட்டை குட்டையாக, அவசரமாக. கன்று முன்கால்களை அகட்டி ஊன்றி, தலையால் மடியை முட்டி முட்டிப் பால் குடித்தது. ஒவ்வொரு முட்டுக்கும் அந்தப் பெரிய உடம்பு அசைந்து கொடுத்தது. கன்றின் கடைவாயில் நுரை வழிந்தது. அது நிறுத்துகிற வழியாக இல்லை.