சிறிது தூரம் ஓடி நின்ற நாய்

நம் ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் மோப்பநாய்க்கென்று ஒரே ஒரு வாக்கியம்தான் வைத்திருக்கிறார்கள். "மோப்பநாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை." எந்த ஊர்த் திருட்டானாலும் இதையே எடுத்து ஒட்டிவிடுவார்கள். 2009இல் சேத்தியாத்தோப்பில் நகை திருடு போனபோதும் அப்படித்தான் போட்டார்கள். அந்தத் தடவை மட்டும் அது உண்மை. கடலூர் போலீஸின் மோப்பநாய் சிந்து வெள்ளாற்றங்கரை வரை ஓடி, அங்கே நின்றுவிட்டாள்.

அதைப் படித்ததும் ஏட்டு ஆரோக்கியராஜ் பேப்பரை மடித்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். சிந்துவைக் குட்டியாகக் கையில் வாங்கியவர் அவர். பயிற்சிக்குக் கூடவே போய், கூடவே திரும்பி வந்தவர். போலீஸ் நாய்க்கு ஒரு கைதான். வேறு எவன் கூப்பிட்டாலும் திரும்பாது. மனைவி லூர்து போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்ட்டியாப்பா" என்பதோடு சரி. மற்றபடி மனுஷன் வாய் திறப்பதே சிந்துவிடம்தான். கட்டளை எல்லாம் இங்கிலீஷில், புலம்பல் எல்லாம் தமிழில். அவளும் காதை நிமிர்த்திக்கொண்டு இரண்டையும் கேட்டுக்கொள்வாள், பாவம்.

"நாய்க்கு வயசாயிடுச்சிய்யா. டெஸ்ட் எடுத்துடுவோம். தேறலைன்னா ரிட்டயர்மென்ட்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ரிட்டயர்மென்ட் என்றால் சென்னைப் பக்கம் ஏதோ ஒரு காப்பகம். அப்புறம் அவள் யாரோ, இவர் யாரோ. எப்படியாவது தேறிவிடு தாயே என்று ஆரோக்கியராஜ் சிந்துவின் தலையைத் தடவித் தடவிச் சொன்னார்.

டெஸ்ட் எடுக்கச் சிதம்பரத்திலிருந்து ரேகா என்கிற கால்நடை டாக்டர் வந்தார். மைதானத்தைச் சுற்றி நாய் ஓட வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றைவிட வேகமாக. சுற்று முடிந்ததும் காது மடலில் குத்தி ஒரு பொட்டு ரத்தம் எடுத்து, சர்க்கரை பார்க்கிற மிஷின் மாதிரி ஒன்றில் வைத்துப் பார்ப்பார்.

"ஓடுறப்ப சதையில லாக்டேட்டுன்னு ஒண்ணு ஊறும், ஏட்டு சார். தெம்பான உடம்பு அதை அப்பப்பவே கரைச்சிடும். தெம்பு இல்லைன்னா ரத்தத்துல தேங்கிப்போயிடும். நாலைத் தாண்டுச்சின்னா தேங்குதுன்னு அர்த்தம்."

ஆரோக்கியராஜ் வாரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். சிந்து அவர் இடது காலை ஒட்டியே ஓடினாள். முதல் சுற்று, ரெண்டு கூட இல்லை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதிலும் எண் நகரவில்லை. ஆரோக்கியராஜுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்! ஆனால் சொல்ல மூச்சில்லை. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார்.

டாக்டர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், அப்புறம் ஏட்டைப் பார்த்தார்.

"எங்க, உங்க விரலை நீட்டுங்க."

"எனக்கெதுக்கு டாக்டரம்மா?"

"சும்மா காட்டுங்க."

விரலில் குத்தினார். மிஷின் பத்து என்றது.

"நாய் ஓடவே இல்ல, ஏட்டு சார். உங்க கூட நடந்துட்டு வந்திருக்கு. நீங்கதான் ஓடியிருக்கீங்க. அது உங்களை முந்தாது போலிருக்கே?"

ஆரோக்கியராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிந்துவும் உடனே பக்கத்தில் உட்கார்ந்தாள். சேத்தியாத்தோப்பிலும் இதேதான் நடந்தது. ஆற்று மணலில் மூச்சு முட்டி, வாரை ஒரு இழு இழுத்து, முதலில் உட்கார்ந்தது அவர்தான். பின்னால் வந்தவர்கள் கண்ணில் பட்டது நின்றுபோன நாய் மட்டும். நாய்தான் களைத்துவிட்டது என்று அவரும் நம்பிக்கொண்டார். அப்படி நம்புவது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

"இதை வச்சித் தேறிடுச்சின்னு எழுத முடியாது. வேகமா ஓடக்கூடிய ஆளு யாராவது ஓட்டணும்" என்றார் டாக்டர்.

கான்ஸ்டபிள் செந்தமிழ்ச்செல்வன் வந்து வாரை வாங்கினான். நல்ல ஓட்டக்காரன். "கோ" என்றான். சிந்து அசையவில்லை. ஆரோக்கியராஜின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஓடாவிட்டால் காப்பகம். ஓடினால் இவன் கை. எப்படிப் பார்த்தாலும் தன் கையில் இல்லை என்பது அவருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. காப்பகத்துக் கூண்டில் படுத்துக் கிடப்பதற்கு ஓடிக்கொண்டாவது இருக்கட்டும் என்று எழுந்தார். முகத்தைப் பார்த்தால் அவள் போகமாட்டாள். முதுகைத் திருப்பிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "சிந்து, கோ!" என்றார்.

அவளுடைய கால் சத்தம் விலகிப் போனது. எவ்வளவு வேகம்! இத்தனை வருஷமாக இந்த வேகத்தையா அடக்கிக்கொண்டு தன் பக்கத்தில் ஓடினாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. எண் கடைசிவரை நாலைத் தொடவில்லை.

சிந்து செல்வனுக்குப் போனாள். ஆரோக்கியராஜைச் சிதம்பரத்தில் ஒரு ஸ்டேஷனில் எழுத்து வேலைக்குப் போட்டார்கள். மேலவீதிப் பக்கம் ஒரு ரூம். முதல் வாரமெல்லாம் ஓட்டலில் ரெண்டு பார்சல் கட்டச் சொல்லிவிட்டு, அப்புறம் நினைப்பு வந்து ஒன்றைத் திருப்பிக் கொடுப்பார். பேச ஆளில்லாமல் குரலே கட்டிப்போன மாதிரி இருந்தது.

மார்கழியில் ஒருநாள் பேப்பரில் பார்த்தார். பெண்ணாடத்தில் திருட்டு. "மோப்பநாய் சிந்து கரும்புக்காட்டுக்குள் நேராக ஓடித் திருடனைக் கவ்விப் பிடித்தது." பேப்பர்காரன் வாக்கியத்தையே மாற்றிவிட்டாளே, கெட்டிக்காரி! உடனே செல்வனுக்கு போன் போட்டார்.

"புடிச்சதும் 'குட் கேர்ள்' சொன்னியாடா? உடனே சொல்லணும். அதுக்காகத்தான் அது ஓடுறதே."

"சொன்னேன் ஏட்டய்யா." செல்வன் கொஞ்சம் தயங்கினான். "ஆனா அது வாலாட்டல. சுத்திச் சுத்திப் பாத்துச்சி. நீங்க எங்கன்னு தேடுற மாதிரி."

ஆரோக்கியராஜ் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"இங்கதான் ஏட்டய்யா படுத்திருக்கு. போனை அது காதுல வெக்கட்டுமா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

'குட் கேர்ள்' என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"வேணாம்டா" என்றார். "என் குரல் கேட்டா, நாளைக்கி ஓடுறப்ப நின்னு திரும்பிப் பாக்கும். நீயே சொல்லு, சத்தமா சொல்லு. பழகிக்கும்."

போனை வைத்துவிட்டார். அப்புறம், கேட்க யாருமில்லாத அந்த ரூமில், அதை ஒரு தடவை சொன்னார்.