வியாழக்கிழமை பல் டாக்டர்

என் கொழுந்தன் யசுஜி முப்பது வருஷத்தில் எனக்கு ஒரு மாஞ்சு இனிப்பு வாங்கித் தந்தவரில்லை. அப்படிப்பட்ட மனுஷன் விடுமுறை நாளில் பயறு பூரணம் வைத்த மாஞ்சு மூன்று பெட்டி வாங்கிக்கொண்டு மலையேறினால் எனக்குச் சந்தேகம் வருமா வராதா?

குசாகா பேருந்து எங்கள் குடும்பத்தினுடையது. போர் முடிந்த நாலாம் வருஷம் என் மாமனார் ஒரு பழைய லாரியில் பலகை போட்டு மினேசாவா மலைக்கிராமத்துக்கு ஓட்ட ஆரம்பித்தார். கரியை எரித்து ஓடிய வண்டி. ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். ஊர் வந்ததும் கூட்டிவந்ததற்கு நன்றி சொல்லிக் குனிந்து வணங்கிவிட்டும் போவார்கள். பிறகு ஏழு வண்டி, சீருடை போட்ட நடத்துநர் பெண்கள் எல்லாம் வந்து, எல்லாம் போயும் விட்டது. அந்தப் பெண்களில் கடைசி ஆள் நான். மூத்த மகனைக் கட்டிக்கொண்டேன். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது மிச்சம் இரண்டு வண்டி. யசுஜி ஓட்டுகிறார், அலுவலகமும் முத்திரையும் என்னிடம்.

மினேசாவாதான் எங்கள் முதல் தடம். அதற்கு ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு வாரம் கண்டம். அந்த வாரம் ஒரு நடைக்குச் சராசரி ஐந்து பேர் ஏறாவிட்டால் மாகாண அலுவலகம் உதவித்தொகையை நிறுத்திவிடும், தடமும் நின்றுவிடும். தலையை எண்ணுவது ஓட்டுநர், தாளில் முத்திரை குத்துவது நான். போன வருஷம் மயிரிழையில் தப்பினோம். மலையிலிருக்கும் தோமே அக்கா ரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போவது இந்த வண்டியில்தான்.

எங்கள் பணிமனை நிலத்தின் மேல் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குக் கண். அந்த ஆட்களோடு யசுஜி நூடுல்ஸ் சாப்பிட்டதை நானே பார்த்தேன். தடம் நின்றால் நிலத்தை விற்றுவிடலாம். ஆக, மாஞ்சு எதற்கு? 'அந்த வாரம் பஸ்ஸில் ஏறாதீர்கள்' என்று சொல்லத்தான். எனக்கு வயிறு எரிந்தது. காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தோமே அக்கா வாசலில் அவர் குசுகுசுவென்று ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"யசுஜி எதுக்குக்கா வந்தாரு?"

"சும்மாதான் சதோகோ. பல்லைப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

"உங்களுக்கு ஏதுக்கா பல்லு? பதினஞ்சு வருஷமா செட்டுதானே?"

"செட்டுக்கும் வலிக்குமாமே" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் யசுஜியைப் பிடித்தேன். "எதுக்கு தம்பி மலைக்குப் போனீங்க?"

"காளான் பறிக்க."

"மாஞ்சு குடுத்தாதான் காளான் வருதா?"

"அண்ணி, நீங்க முத்திரைய மட்டும் பாத்துக்கோங்க. மத்தது என் வேலை."

மறுநாள் காலை மாகாண அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பெயர் சொல்லவில்லை. "மினேசாவா கணக்கெடுப்புல தில்லுமுல்லு நடக்கப்போகுது, உங்க ஆளையே அனுப்புங்க" என்றேன். இத்தனை வருஷம் ஓட்டுநரின் எண்ணிக்கையை நம்பியவர்கள், கணக்கெடுப்பு வாரத்து வியாழக்கிழமை ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். நானும் கூடவே ஏறி உட்கார்ந்தேன்.

மினேசாவா நிறுத்தத்தில் பத்தொன்பது பேர் நின்றார்கள். வீட்டில் கார் வைத்திருப்பவர்கள்கூட நின்றார்கள். எனக்குச் சந்தோஷம் வந்த வேகத்திலேயே நான் போட்ட போனும் ஞாபகம் வந்தது.

அதிகாரி முன் இருக்கையிலிருந்து ஆரம்பித்தார். "எங்க போறீங்க?"

"பல் டாக்டர்கிட்ட."

அடுத்தவரும் பல் டாக்டர். அதற்கடுத்தவரும். ஒரு தாத்தா கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்து காட்டினார்.

"இன்னைக்கு வியாழக்கிழமை. பல் டாக்டர் லீவாச்சே" என்றார் அதிகாரி மரியாதையாக. தாத்தா திறந்த வாயை மூடிக்கொண்டார். வளைவு வந்தது. யசுஜி ஓட்டுநர் வழக்கப்படி பாதையை நோக்கி விரலை நீட்டி "வலது சரி, இடது சரி" என்றார்.

கடைசியாக தோமே அக்கா. மடியில் ஆஸ்பத்திரிப் பை, கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பு. வண்டியிலேயே நிஜமான பயணி அவர் ஒருவர்தான். என்னைப் பார்த்தார், யசுஜியின் முதுகைப் பார்த்தார். சொன்ன சொல் தவறக்கூடாதல்லவா?

"பல் டாக்டர்" என்றார்.

"இல்லைங்க, இவங்க நெஜமாவே ஆஸ்பத்திரிக்கு..." என்று நான் எழுந்தேன். கம்பெனிக்காரி சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

அன்று பணிமனையில் யசுஜி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வண்டியில ஏறச் சொன்னப்பவே, யாராவது கேட்டா சொல்ல ஆளுக்கொரு காரணம் குடுத்திருக்கணும். வயசானவங்க, மறந்துடுவாங்களேன்னு எல்லாருக்கும் ஒண்ணையே சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"முத்திரை உங்களுது அண்ணி. தெரிஞ்சு குத்தினா நீங்க பொய் சொன்ன மாதிரி. தெரியாமக் குத்தினா தப்பு என்னோட போயிடும்."

"அந்த நூடுல்ஸ்?"

"நிலம் கிடையாதுன்னு சொல்லத்தான் போனேன்." தொப்பியைத் திருப்பி வைத்தார். "யாரோ போன் பண்ணியிருக்காங்க. மலைமேல இருக்கானே, அந்த நுமாட்டாவாத்தான் இருக்கும். அவன் ஒருத்தன்தான் மாஞ்சு வேண்டாம்னான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் தேநீர் ஊற்றினேன்.

அந்த வாரக் கணக்கை மாகாண அலுவலகம் ஏற்கவில்லை; மார்ச் முப்பத்தொன்றோடு தடம் நின்றது. தோமே அக்காவை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். கடைசி நடையில் மினேசாவாவில் நுமாட்டா மட்டும் வழியனுப்ப வந்து நின்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பைத் தொடமாட்டார்; அது எனக்குத் தெரியும். ஆளில்லாத நிறுத்தத்துக்கே வணக்கம் வைக்கும் யசுஜி அவர் பக்கம் திரும்பவே இல்லை. நுமாட்டா தொப்பியைக் கழற்றி வண்டிக்கு வணக்கம் வைத்தார். வண்டிக்குள்ளிருந்த நான் எழுந்து நின்று இடுப்பு வளைய வணங்கினேன்.

யசுஜி கண்ணாடியில் பார்த்தார். "அவனுக்கெல்லாம் எதுக்கு அண்ணி?"

"பழக்கம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.