மேசைக்கு அடியில்

கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்ததுமே பூனைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுடைய மேசையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன் நான்கு கால்களும் கூரையைப் பார்த்து நிற்க, நடுவில் அவள் பதினொரு வருடமாக முடிச்சுப் போட்டுச் செய்த துணிக்கால்கள் எல்லாம் நனைந்த கோழி மாதிரி துவண்டு கிடந்தன.

பூனைக்கு நடக்க வராது. சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து தள்ளிக்கொண்டு போவாள். இடது கை விரல்களும் மடங்காது. அண்ணனின் தையல் கடையில், துணி வெட்டும் மேசைக்கு அடியில்தான் அவள் இடம். பூனை என்ற பட்டப்பேரும் அப்படி வந்ததுதான். மேலே அண்ணன் வெட்ட வெட்டத் துண்டுகள் அவள் மடியில் விழும். கடைக்கு வருகிறவர்களின் முகம் அவளுக்குத் தெரியாது, கால்கள் தெரியும். அவரவர் துணித் துண்டிலேயே அவரவர் கால்களைப் போல முறுக்கி, வலது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டு, மேசையின் அடிச்சட்டத்தில் தொங்கவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. போன மாதம் உருண்டோடிய பொத்தானைத் தேடிக் குனிந்த ஓவிய டீச்சர் அரை மணி நேரம் நிமிரவில்லை. அவர் எழுதிப் போட்டுத்தான் இந்தக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. அண்ணன் மேசையைப் போர்வையால் சுற்றி வண்டியில் ஏற்றினானே ஒழிய, அப்போதும் உள்ளே பார்க்கவில்லை.

"யாருங்க இதைக் கவுத்துப் போட்டது?"

"நாங்கதாம்மா," என்றார் கூடத்தின் மேலாளர். "இப்படி இருந்தாத்தானே எல்லாருக்கும் தெரியும்?"

"திருப்பி வைங்க."

"திருப்பினா வெறும் மேசைதான் தெரியும். பத்து நிமிஷத்துல பரிசுக்குத் தேர்வு பண்றவங்க வந்துருவாங்க. ஒவ்வொண்ணு முன்னாடியும் மூணு நிமிஷம்தான் நிப்பாங்க. யாரு குனிவா?"

"குனிய வேண்டாம். படுக்கட்டும்."

அண்ணன் பல்லைக் கடித்தான். "அடியே, வந்த எடத்துல வம்பு பண்ணாத. எல்லாரும் உன்னை மாதிரி தரையிலயா கெடப்பாங்க?"

"நீ பதினோரு வருஷம் மேலயே நின்ன. ஒரு தடவ குனிஞ்சு பாத்தியா? திருப்பலேன்னா வண்டியக் கூப்பிடு, வீட்டுக்குப் போயிரலாம்."

 அண்ணன் கழுத்தைச் சொறிந்துகொண்டான். பிறகு சட்டைக் கையை மடித்து, "ஒரு கை பிடிங்க சார்," என்றான்.

மேசை நிமிர்ந்தது. உள்ளே துணிக்கால்கள் ஒவ்வொன்றாக இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே, அந்தரத்தில் விரல் ஊன்றியதுபோல நின்றன. அவிழ்ந்திருந்த ஒரு முடிச்சைப் பூனை பல்லால் இழுத்து இறுக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

தேர்வுக் குழுவின் மற்ற இருவரும் பின்தொடர, தலைவியான சிற்பி அம்மாள் கைத்தடியோடு வந்தார். கத்தரி கீறிய, சாக்குக்கட்டித் தூள் அப்பிய மேசைப் பலகையை மேலும் கீழும் பார்த்தார். மேலாளர் வாட்சைப் பார்த்தார். ஒரு நிமிஷம் போயிற்று.  அந்த அம்மாள் அடுத்த பக்கம் திரும்பப் போன நேரத்தில், பூனை சட்டென்று சக்கரப் பலகையைத் தள்ளி மேசைக்கு அடியில் புகுந்து, கையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"உள்ள வாங்கம்மா. எடம் இருக்கு."

"முட்டி மடங்காதேம்மா எனக்கு," என்றார் அவர். என்றாலும் தடியை மேலாளரிடம் நீட்டிவிட்டு, அவர் தோளைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார், சாய்ந்தார், மல்லாந்து உள்ளே நகர்ந்தார்.

 உள்ளேயிருந்து, "அடேயப்பா!" பிறகு ஒரு சிரிப்பு. "அந்த ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. நின்னுக்கிட்டு என்ன பண்றாங்க?"

பூனை இடம் விட்டு வெளியே வந்தாள். மூன்று நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. மேசைக்கு வெளியே ஆறு பாதங்கள் மல்லாந்து நீட்டிக்கொண்டிருந்தன. கால்களை இப்படி அவள் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு பாதங்கள் இடித்துப் பிடித்து நடுவில் நுழைந்தன.

"ஏய் பூனை!" உள்ளேயிருந்து அண்ணன் கத்தினான். "இந்தக் கோணப் பெருவிரலு... இது நான்தானே?"

 வெளியே நீட்டிக்கொண்டிருந்த அண்ணனின் கோணல் பெருவிரல், தையல் மெஷினை மிதிப்பதுபோல, மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.