முக்கால் சுற்றுக் கறி

முப்பத்து நான்கு ஆண்டுகள் எடை அளவு ஆய்வாளராக இருந்தேன். நான் தெருமுனையில் திரும்பினாலே கடைத்தெருத் தராசுகளெல்லாம் தாமாக நிமிர்ந்து நிற்கும். மிகையில்லை, ஒரு வெங்காயக் கடைக்காரர் என்னைக் கண்ட பதற்றத்தில் தானே தராசில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அப்பேர்ப்பட்ட என்னைச் சிறுநீரக டாக்டரம்மா அறுபது கிராமில் மடக்கிவிட்டார்.

"ஆட்டுக்கறி வாரம் ஒரு தடவை. வெந்த பிறகு அறுபது கிராம். உப்பு கொஞ்சமா. மூணு மாசத்துல கிரியாட்டினின் ஏறியிருந்தா கறியையே நிறுத்திடுவேன் சார்."

அறுபது கிராமா? கொசு கொட்டாவி விட்டால் அதன் வாய்க்குள் போய்விடும்!

அன்று மதியம் மனைவி கண்ணயர்ந்ததும், வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு தராசுக்குத் துரோகம் செய்தேன். சமையலறைத் தராசின் அடிமூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கை இறுக்கும் திருகாணியை முக்கால் சுற்று திருப்பினேன். முள் பூஜ்யத்தில் பரம சாதுவாக நின்றது. தொண்ணூறு கிராம் வைத்தால் அறுபது காட்டியது. இத்தனை நேர்த்தியான களவை எந்தக் கடையிலும் நான் பிடித்ததில்லை.

ஞாயிறுதோறும் மனைவி என் கண்ணெதிரே பச்சைக்கறியை எடை போட்டாள்.

"சரியா அறுபது. அப்புறம் குறையுதுன்னு முனகக் கூடாது."

"சட்டம்னா சட்டம்தானேம்மா," என்றேன், தியாகி முகத்துடன்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. கிரியாட்டினின் இம்மி ஏறவில்லை. சிறுநீரகத்தையே ஏமாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் துள்ளினேன்.

"வெந்த பிறகுதானேம்மா எடை போடுறீங்க?" என்றார் டாக்டரம்மா, கூட வந்திருந்த மனைவியிடம்.

"பச்சையாத்தான் டாக்டர்," என்றாள் மனைவி, பால் வடியும் முகத்துடன்.

"அடடா, வேகும்போது மூணுல ஒரு பங்கு குறைஞ்சிடுமே! சாரைப் பட்டினி போட்டுட்டீங்களே. இனிமே பச்சையா தொண்ணூறு வைங்க."

மூன்று மாதமாக நான் திருடித் தின்றது, டாக்டரம்மா எழுதிக்கொடுத்த அதே அறுபது.

அடுத்த ஞாயிறு தராசில் கறி குவிந்தது. முள் தொண்ணூறில். உண்மையில் நூற்று முப்பத்தைந்து! அந்த மலையில் ஏறக் கயிறு வேண்டும். ஆனால் அதைத் தின்றால் அடுத்த பரிசோதனையோடு ஆயுளுக்கும் கறி கிடையாது. ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்தேன்.

"தராசுல என்னமோ கோளாறு போல..."

"முக்கால் சுத்துதானே? பின்னாடி திருப்புங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் வாரமே. நூறு கிராம் தேயிலைப் பாக்கெட் அறுபத்தேழு காட்டுச்சு. திருகாணியை முக்கால் சுத்து பின்னாடி திருப்பினா நூறு வந்துச்சு, மறுபடி பழையபடியே வச்சுட்டேன். சந்தேகம் வந்தா பிரிக்காத பாக்கெட்டை வச்சுப் பாருன்னு சாப்பாட்டு நேரமெல்லாம் ஓதினது யாரு?"

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"வெந்தா சரியா அறுபதுதான் வந்துச்சு. திருடித் திங்கிறோம்ங்கிற குஷியில நீங்களும் வேற எதுவும் கேக்கலை. அதைக் கெடுப்பானேன்?"

திருகாணியைப் பின்னால் திருப்பினேன். அவள் தேயிலைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தாள், நூறு. கறியைத் திரும்ப ஏற்றி, மிகுந்த நாற்பத்தைந்து கிராமை எடுத்துத் தன் சட்டியில் போட்டுக்கொண்டாள்.

நல்ல துண்டுகள் அத்தனையும் அதில்தான் இருந்தன.